அண்ணியின் வெயில் க்ரீம்

படகுகள் கரையேறுவதற்கு முன்னால் அந்த வீட்டு முற்றத்தில் தினமும் ஒரு சண்டை நடந்துவிடும். மின்ஸா முக்காலியைச் சுவர் நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்காருவாள். மடியில் ஒரு வெள்ளை டப்பா. இரண்டு விரலால் களிம்பை வழித்து நெற்றி, மூக்கு, கன்னம், உதட்டோரம் என்று புள்ளி வைத்து, பிறகு நிதானமாகத் தேய்ப்பாள். கழுத்து, காது மடல், காதின் பின்புறம், புறங்கை, பாதத்தின் மேல்பக்கம், ஒன்றையும் விடமாட்டாள். கறுத்த தாய்க்கும் கறுத்த தகப்பனுக்கும் நிறமே இல்லாமல் பிறந்தவள் அவள். வைக்கோல் நிறத் தலைமுடி. வெளிச்சம் பட்டால் கூசும் கண்கள். ஏரிக்கரையில் அப்படிப்பட்டவர்களை 'ஸெருஸெரு' என்று கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு.

மாமியார் ஹோலோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"அலங்காரம் முடிஞ்சுதா? இல்ல, மீனெல்லாம் வந்து வாசல்ல வரிசையா நிக்கணுமா?"

"முடியல அத்தை, காது பாக்கி இருக்கு," என்பாள் மின்ஸா, தலையைத் தூக்காமல். "வெயில் காதை மட்டும் விட்டுட்டா அடிக்குது?"

வாய்க்கு வாய் கொடுக்கிற மருமகள். அதுவே ஹோலோவுக்குப் பாதி எரிச்சல். மீதி எரிச்சலை மகள் மிலெம்பே மூட்டிக்கொடுப்பாள். மிலெம்பே உகாலிக் களிக்கு மாவைக் கிளறியபடியே, யாரிடமோ சொல்வதுபோல், "நமக்கெல்லாம் தண்ணி ஊத்திக் கழுவினாப் போதும். சில பேருக்கு ஆஸ்பத்திரியே வந்து சுண்ணாம்பு அடிச்சு விடணும்" என்பாள். வேலிக்கு அப்பால் தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்கள் சிரித்துக்கொண்டே நடப்பார்கள். அந்தச் சிரிப்பு கேட்டால்தான் மிலெம்பேக்கு அன்றைய பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகிப் போன இடத்தில், புருஷன் வெளுத்த தோல்காரி ஒருத்தியோடு ம்வான்ஸா நகரத்துக்குப் போய்விட்டான். போகும் முன்பு பல மாதங்கள் அவளை அடுப்புக்கரி என்றுதான் கூப்பிட்டான். அவனைப் பிடித்து வைப்பதற்காகவே மிலெம்பே சந்தையில் விற்ற வெளுக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். நிறம் மாறவில்லை. கன்னம் இரண்டிலும் தீய்ந்த தோசைபோல் திட்டுகள்தான் மிஞ்சின. அந்த முகத்தோடு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே அண்ணன் லுகாட்டா இந்த மின்ஸாவைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். தான் தோலை எரித்தும் கிடைக்காத வெளுப்பு, ஒருத்திக்குப் பிறவியிலேயே கிடைத்து, அவளை ஒரு ஆம்பளை ஆசையாகக் கட்டியும் இருக்கிறான் என்பதை மிலெம்பேயால் தாங்க முடியவில்லை. அவளைப் பொறுத்தவரை மின்ஸா படுகிற பாடு பாடே இல்லை. வெளுப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது.

லுகாட்டா இரவெல்லாம் விளக்குப் படகில் டகாப் பொடிமீன் பிடிப்பவன். பகலில் உயிரற்றவன்போல் தூங்குவான். மணலில் வலையை விரித்து மீனைப் பரப்புவதும், வெயில் ஏற ஏறப் புரட்டிப் போடுவதும், காக்கையையும் பெருநாரையையும் விரட்டுவதும் பெண்கள் வேலை. மின்ஸாவுக்கு நிழலில் செய்கிற வேலையைக் கொடுக்கச் சொல்லி அவன் தாயிடம் ஒருமுறை கேட்டான். நிழலில் உட்கார வைத்துச் சோறு போட இது அரண்மனையா என்று ஹோலோ கேட்டாள். அவன் திரும்பித் தூங்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு மின்ஸா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. முழுக்கைச் சட்டை, விளிம்பு அகன்ற தொப்பி, கணுக்கால் வரை காங்காத் துணி, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் களிம்பு. அப்படியே வெயிலில் இறங்கி மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்தாள்.

அந்தக் களிம்பின்மேல் ஆசைக்கு முதல் விதையைப் போட்டவள் வாண்டே. பக்கத்துக் களத்தில் மீன் காயவைப்பவள், மிலெம்பேயின் தோழி. அந்த மாதிரி டப்பா எந்தக் கடையிலும் இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து ஸெருஸெருக்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள், எல்லாருக்கும் கிடைக்காமல் ஒளித்துக் கொடுக்கிற பொருளில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அவள் ஓதினாள். ஒருநாள் மின்ஸா தண்ணீருக்குப் போன நேரத்தில் மிலெம்பே டப்பாவைத் திறந்து ஒரு விரல் எடுத்துப் பூசிப் பார்த்தாள். உடைந்த கண்ணாடித் துண்டில் தெரிந்த முகம் சாம்பல் பூத்து வெளுத்திருந்தது. திட்டுகள் மறைந்துவிட்டன. மாலையில் முகம் கழுவியதும் எல்லாம் பழையபடி திரும்பிவிட்டன. ஒரு விரல் போதவில்லை என்றுதான் அவள் நினைத்தாளே தவிர, அது வெளுக்கிற மருந்தே இல்லை என்று தோன்றவில்லை.

ஒரு விரல் கைப்பிடியாயிற்று. தாளில் மடித்து வாண்டேக்கும் கொடுத்தாள். வாண்டேயின் தங்கைக்கும் ஆசை வந்தது. டப்பாவின் மட்டம் இறங்கியது தெரிய ஆரம்பித்தபோது, மிலெம்பே கடையில் குழந்தைகளுக்கு விற்கும் வெள்ளை லோஷனை வாங்கி, மாவுக் கரண்டியால் கலந்து நிரப்பி வைத்தாள். மின்ஸாவின் கண்ணுக்கு அருகில் இருப்பதே மங்கலாகத்தான் தெரியும். ஆனால் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவை வந்தது ரொம்பத் தண்ணியா இருக்கு," என்று ஒருநாள் காலையில் சொன்னாள். "முன்னெல்லாம் இழுத்துத் தேய்க்கணும். இது வழுக்குது."

"ஓசியில வர்ற பொருள் பின்ன எப்படி இருக்கும்?" என்றாள் மிலெம்பே. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

கூரைக்கு அடியில் சேமித்து வைத்திருந்த அடுத்த டப்பாவும் அதே வழியில் போனது.

மழை ஓய்ந்து காற்று உலர்ந்த காலம். ஏரி, வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடித்தது. மின்ஸா காலையில் ஒருமுறை, நடுப்பகலில் வேலையை நிறுத்தி ஒருமுறை என்று தவறாமல் பூசினாள். இருந்தும் மூக்குத்தண்டு சிவந்தது. கழுத்து கொப்பளித்தது. புறங்கை வெடித்து, உப்பு மீனைத் தொடும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். இரவில் பாயில் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். லுகாட்டா பதறி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான். ஹோலோ விடவில்லை. களிம்பு பூசிப் பூசித் தோல் பச்சைப் பிள்ளைத் தோல்போல் ஆகிவிட்டது, பூசுவதை நிறுத்தினால் காய்ப்புக் காய்த்து உரம் ஏறும், தன் உள்ளங்கால் அப்படித்தானே ஆயிற்று என்று சாதித்தாள்.

முதலில் மின்ஸா சண்டை போட்டாள். தோலும் உள்ளங்காலும் ஒன்றா என்று கேட்டாள். தன்னோடு பள்ளி விடுதியில் படித்த ஒருத்தி களிம்பு இல்லாமல் வயலில் வேலை செய்து, உதட்டில் புண் வந்து, அதுவே அவளைத் தின்றுவிட்டதைச் சொன்னாள். ஆனால் வாரங்கள் போகப்போக அவள் குரல் இறங்கியது. பள்ளி நாளிலிருந்து எதை நம்பி வெயிலில் இறங்கினாளோ, அதைப் பூசிக்கொண்டே வெந்துபோனால் மனிதருக்கு என்ன நம்பிக்கை மிஞ்சும்? ஒருநாள் காலையில் முக்காலியை இழுத்துப் போடவில்லை. டப்பாவை எடுத்துக் கடைசி முறையாக முகர்ந்து பார்த்துவிட்டு, குப்பைக்குழியில் எறிந்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி போல இருக்கு, அத்தை," என்றாள்.

ஹோலோவின் முகத்தில் வெற்றி தெரிந்தது. மிலெம்பேக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. குப்பைக்குழியில் கிடந்ததை அன்று மாலையே நெருப்பு மூட்டி எரித்தும் விட்டாள். ஆனால் அந்தச் சொல், சண்டைக்காரியின் வாயிலிருந்து தழைந்து வந்த அந்தச் சொல், நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. மின்ஸா எதிர்த்துப் பேசினால் வெறுப்பது சுலபம். அவள் பேசாமல் வெயிலில் குனிந்து மீனைப் புரட்டுவதைப் பார்ப்பது சுலபமாக இல்லை.

மின்ஸாவின் இடது காது மடலில், மேல் விளிம்பில், ஒரு புண் வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், இரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். ஆறவே இல்லை. ஈக்கள் மீனை விட்டுவிட்டு அந்தக் காதைத் தேடி வந்தன. தொப்பி விளிம்பு பட்டால் வலித்ததால், அவள் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். வெயில் இன்னும் நன்றாக விழுந்தது. வாண்டே பார்த்துவிட்டு, இதுக்குத்தான் அந்த ஜாதியை வீட்டில் சேர்க்கக் கூடாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று களத்தில் எல்லாரும் கேட்கச் சொன்னாள். அதே வாண்டே தாளில் மடித்து வாங்கிப் போன களிம்பு தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று மிலெம்பேயிடம் காதோரமாகக் கேட்டாள். மிலெம்பே முகத்தைத் திருப்பிக்கொண்டு மீனை அள்ளினாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வரும் நாள் வந்தது. ஊருக்குள் இருக்கும் மருந்தகத்தின் வராந்தாவில் சுற்று வட்டாரத்து நிறமில்லாதவர்கள் எல்லாரும் கூடுவார்கள். மின்ஸா போக மாட்டேன் என்றாள். லுகாட்டா அந்த ஒருநாள் மட்டும் தூங்காமல் நின்று பிடிவாதம் பிடித்தான். வெளிச்சத்தில் அவளுக்கு வழி தெரியாது என்று தங்கையைத் துணைக்கு அனுப்பினான். மிலெம்பே மறுக்கவில்லை. அங்கே என்ன பேச்சு வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டில் உட்கார அவளாலும் முடியாது.

வராந்தாவில் குழந்தைகளோடு தாய்மார்கள், கைத்தடியோடு ஒரு கிழவர், பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். தாய்மார்கள் சிலரைத் தவிர எல்லாருக்கும் வைக்கோல் முடி, கூசும் கண். மடியில் நிறமில்லாத பிள்ளை இல்லாத கறுத்தவள் மிலெம்பே ஒருத்திதான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு கூட்டத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற தோல் தன்னுடையதாக இருப்பதை அவள் உணர்ந்தாள்.

நர்ஸ் தெயொபிஸ்தா வளர்த்தியான, முகத்தில் சிரிப்பில்லாத பெண். மேஜைமேல் வெள்ளை டப்பாக்களை அடுக்கிவிட்டு, எப்போது, எவ்வளவு பூசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மேகம் போட்ட நாளிலும் பூசவேண்டும், வியர்த்தால் மறுபடி பூசவேண்டும், களிம்பு இருக்கிறதென்று தொப்பியையும் நிழலையும் விடக்கூடாது என்றாள். தாய்மார்கள் தலையாட்டினார்கள்.

மின்ஸா எழுந்து நின்றாள்.

"பொய் சொல்லாதீங்க, சிஸ்டர்," என்றாள். "நான் தினமும் பூசினேன். காது, கழுத்து, கால் விரல் வரைக்கும் பூசினேன். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு வேளை. என்ன ஆச்சுன்னு பாருங்க."

தொப்பியைக் கழற்றினாள். காதைக் காட்டினாள். நர்ஸ் அந்த டப்பாவைக் கொண்டு வரச் சொன்னாள். எறிந்துவிட்டேன் என்றாள் மின்ஸா. சில சமயம் களிம்பு கெட்டுப்போகலாம், வெயிலில் வைத்திருந்தால் பலன் குறையலாம் என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை. நர்ஸின் பேச்சுக்கு எதிரே அந்தப் புண்பட்ட காது சாட்சியாக நின்றது.

மலையோரத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் முதலில் எழுந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. குழந்தையின் மூக்கு ஏற்கெனவே தோலுரிந்திருந்தது. வாங்கின டப்பாவை மேஜைமேல் திருப்பி வைத்தாள். இதுக்கு ஒருநாள் கூலியை விட்டுட்டு, ரெண்டு வண்டி மாறி வந்தேன், ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க, அவங்க சிரிச்சதுதான் சரி என்று முணுமுணுத்துவிட்டு வெளியே இறங்கினாள். அடுத்து இன்னொருத்தி டப்பாவை வைத்தாள். கைத்தடிக் கிழவரும் யோசிக்க ஆரம்பித்தார்.

மிலெம்பே அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாயின் தோளில் தலை சாய்த்திருந்தது. வராந்தா நிழலைத் தாண்டியதும், துணி மூடாத பிடரியில் வெயில் பளீரென்று விழுந்தது. அந்தப் பிடரி சிவப்பதும் கொப்பளிப்பதும் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மாதக்கணக்காக வீட்டில் பார்த்தவள். சும்மா இருந்துவிட்டால் அந்தப் பாவத்தை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அதன் கேடு மின்ஸா ஒருத்தியோடு நிற்கப் போவதும் இல்லை.

"அதுல க்ரீம் இல்ல," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அண்ணி பூசினதுல க்ரீம் இல்ல. நான் எடுத்துட்டேன். எடுத்துட்டுக் குழந்தைங்க லோஷனை ஊத்தி வச்சேன். ரெண்டு டப்பாவும்."

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. பள்ளிப் பெண்களில் ஒருத்தி அவள் அருகிலிருந்து நகர்ந்து உட்கார்ந்தாள். கிழவர் தரையில் காறித் துப்பினார். எதுக்கு என்று நர்ஸ் கேட்டாள்.

"வெளுக்கும்னு நினைச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மின்ஸாவின் கண்கள் எப்போதும் லேசாக அலைந்துகொண்டே இருக்கும், ஒரு இடத்தில் நிற்காது. அன்று அவள் தன் முகத்தையே மிலெம்பேயின் முகத்துக்கு மிக அருகில் கொண்டு வந்து பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று மிலெம்பே நினைத்தாள். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பாள்.

"நீ என் க்ரீமை எடுக்கல," என்றாள் மின்ஸா, மெதுவாக. "என் தோலை எடுத்துட்ட. உனக்குக் கடவுள் உள்ளேயே வச்சு அனுப்பினதை நான் டப்பால வாங்கி மேல போட்டுக்கறேன். உனக்கும் எனக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அதைத் திருடிட்டு, நான் வேகறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க."

மிலெம்பே வாயைத் திறந்தாள்.

"மன்னிப்புக் கேக்காத. அந்தப் பொம்பளை போய்ட்டா பாரு, அவளைக் கூட்டிட்டு வா. உன்னாலதான போறா."

மிலெம்பே ஓடினாள். வண்டி நிறுத்தத்துக்குப் போகும் செம்மண் சாலையில் அந்தப் பெண்ணைப் பிடித்து, நடந்ததை மூச்சு வாங்கச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, மிலெம்பேயை நடுச் சாலையில் நிறுத்தி வைத்து, அவளையும் அவளைப் பெற்ற வயிற்றையும் ஏசினாள். மிலெம்பே தன் தோளில் கிடந்த காங்காத் துணியை எடுத்துக் குழந்தையின் பிடரியை மூடினாள். ஏசிக்கொண்டேதான் அந்தப் பெண் திரும்பி வந்தாள். மேஜையிலிருந்து டப்பாவை எடுத்து, திறந்து, முகர்ந்து, விரலில் இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் பைக்குள் வைத்தாள்.

நர்ஸ் மின்ஸாவின் காதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும் என்று சொன்னாள். மிலெம்பே தயங்கித் தயங்கி, இது தன்னால் வந்ததா என்று கேட்டாள். நர்ஸ் அவளுக்கு ஆறுதலும் சொல்லவில்லை, பழியையும் கூட்டவில்லை. சின்ன வயசிலிருந்து பட்ட வெயிலெல்லாம் தோலுக்கடியில் சேர்ந்துதான் இப்படிப் புண்ணாகும், நாலைந்து மாதத்தில் மட்டும் வருவது அல்ல என்றாள். "ஆனா அடுப்பு ஏற்கெனவே எரிஞ்சுட்டு இருந்துச்சு. நீ கட்டை கட்டையா வெறகு போட்ட. அது உன் கணக்கு," என்றாள். பிறகு மிலெம்பேயின் கன்னத்துத் திட்டுகளைப் பார்த்து, அந்த வெளுக்கும் சோப்பை விட்டொழிக்கச் சொன்னாள். இந்தக் களிம்பு யாரையும் வெளுக்காது, வெயிலைத் தடுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ம்வான்ஸா ஆஸ்பத்திரியில் மின்ஸாவின் காது மடலின் மேல்பகுதியை வெட்டி எடுத்தார்கள். புற்றுதான். பரவுவதற்குள் வந்துவிட்டதால் காதோடு போயிற்று என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச காலம் காயட்டும் உரம் ஏறட்டும் என்று விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும் என்றார்.

வீட்டில் அதன்பிறகு இருந்த நாட்கள் நல்ல நாட்கள் அல்ல. லுகாட்டா தங்கையைப் பார்த்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போ என்றான். ஹோலோ மகளுக்காக எழுந்தாள். ஒரு டப்பா களிம்புக்காகக் கூடப்பிறந்தவளைத் துரத்துகிறாயா, ஊர் கூடின இடத்தில் இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் குடும்ப மானமாவது மிஞ்சியிருக்கும் என்று கத்தினாள். தலையில் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்த மின்ஸாதான் அதை நிறுத்தினாள்.

"அவ எங்கேயும் போக வேண்டாம். அவ போனா உங்க அம்மா நாக்குக்கு நான் ஒருத்திதான் மிச்சம். இங்கேயே இருந்து பாக்கட்டும்."

அது பாசம் இல்லை என்று மிலெம்பேக்குத் தெரியும். மன்னிப்பும் இல்லை. ஆனால் வெளியே போவதைவிட அது கடினமான தண்டனை என்பதும், அதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. வெயில் தலைக்கு ஏறும் நேரத்து வேலையை யாரும் சொல்லாமலேயே அவள் எடுத்துக்கொண்டாள். மின்ஸா காலையிலும் மாலையிலும் மட்டும் களத்துக்கு வந்தாள். நடுப்பகலில் கூரை நிழலில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்தாள். அரண்மனையா இது என்று ஹோலோ தொடங்கியபோது, அப்படியே இருக்கட்டும் அம்மா என்று சொன்னவள் மிலெம்பே.

கட்டுப் பிரித்த பிறகு, வெட்டுப்பட்ட காதின் பின்பக்கத்தை மின்ஸாவால் சரியாகத் தொட்டுப் பூச முடியவில்லை. ஒருநாள் காலையில் டப்பாவை மிலெம்பேயிடம் நீட்டினாள்.

மிலெம்பே பயந்து பயந்து தடவினாள்.

"நல்லா அள்ளிப் பூசு," என்றாள் மின்ஸா. "எடுக்கும்போது மட்டும் கை தாராளமா இருந்துச்சு, இப்ப என்ன?"

மிலெம்பே இன்னொரு விரல் அள்ளினாள். அதற்குப் பிறகு தினமும் அது அவள் வேலையாயிற்று.

வறண்ட காற்றுக்காலம் முடிகிற சமயத்தில் வாண்டே களத்துக்கு வந்தாள். நாலைந்து பெண்கள் மீனைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மின்ஸா சற்றுத் தள்ளித் தொப்பியும் துணியுமாகக் குனிந்திருந்தாள். உன் அண்ணிக்குப் புது டப்பாவெல்லாம் வந்திருக்கிறதாமே, வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறாளாமே என்று வாண்டே பேச்சை எடுத்தாள். பிறகு சிரித்தாள்.

"இன்னும் அந்தப் பூச்சு வேலை நடக்குதா? சரி, எனக்கும் ஒண்ணு குடு. ஒரு டப்பா குடுத்தாக் குறைஞ்சா போயிடும்?"

மிலெம்பே கூட்டுகிற துடைப்பத்தை நிறுத்தினாள்.

"ஆமா, குறைஞ்சுதான் போச்சு," என்றாள். "போன தடவை ஒரு காது குறைஞ்சுது."

வாண்டேயின் சிரிப்பு பாதியில் நின்றது. மற்றப் பெண்களும் நிமிர்ந்தார்கள். மிலெம்பே அவர்களுக்கும் கேட்கும்படி பேசினாள்.

"நீ வெயில்ல நின்னாக் கறுப்ப. அவ நின்னாச் சாவா. அவ தினமும் பூசறது அலங்காரம் இல்ல வாண்டே, நாம தினமும் சாப்பிடற சோறு மாதிரி. ஒருத்தி தன் உடம்பைக் காப்பாத்திக்கறதைப் பாத்து நான் முதல்ல சிரிச்சேன். சும்மா சிரிப்புதானேன்னு நினைச்சேன். சிரிக்கிறவ கைதான் அப்புறம் டப்பாக்குள்ள போகும். இனிமே இந்தக் களத்துல எவளாவது அவ பூசறதைப் பாத்துச் சிரிச்சா, அவளும் என்னை மாதிரி திருடிதான்."

மின்ஸா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குனிந்தபடியே, கையில் இருந்த மீனை உதறிப் பரப்பிவிட்டு, வெயில் ஏறிவிட்டது, துடைப்பத்தை வைத்துக்கொண்டு நிற்காமல் வேலையைப் பார் என்று நாத்தனாரை அதட்டினாள்.